மாடத்தி மகனுக்கு அம்மை குத்திய கதை

அம்மை குத்துகிறவன் தெருமுனையில் திரும்புவதற்குள், அந்தத் தெருவின் பிள்ளைகள் அனைவரும் பின்வாசல் வழியே மறைந்திருப்பார்கள். எங்கள் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொள்வது இது. அழைக்காத வீட்டுக்குப் போய், கேட்காத நன்மையைச் செய்துவிட்டு, வசவு வாங்கித் திரும்பிய அன்பர்களே! குடிக்கணக்கு எடுத்தவர்களே, கொசுமருந்து அடித்தவர்களே! உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசி வட்டாரத்தில் நான் அந்த வேலையில் இருந்தேன். பின்னாளில் வாய்மொழிக் கதைகளின் பாடபேதங்களை ஒப்பிடுவதே என் வாழ்நாள் வேலையாயிற்று. அந்தப் பழக்கம் தொடங்கியது இங்கேதான். அலுவலகப் பதிவேட்டில் குத்திய கைகளைக் குறித்தேன். எனக்கென்று வைத்திருந்த கோடு போட்ட நோட்டில், குத்த மறுத்தவர்கள் சொன்ன காரணங்களைச் சொல் மாறாமல் எழுதிவந்தேன்.

வடகரை நெசவாளர்

அந்த ஆண்டு குற்றாலத்தில் சாரல் தொடங்கிய சமயத்திலேயே பெரியம்மையும் தலைகாட்டிவிட்டது. வடகரையில் காசிம் பாயின் தறிவீட்டுக்குப் போனேன். அவர் நெய்வதை நிறுத்தாமலே பேசினார். "இலத்தூர்ல ஒரு பயலுக்குக் குத்தினாவளாம். பத்தாம் நாளே மௌத்தாயிட்டு. விஷம் ஏறுதேன்னு தாய்க்காரி அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்ச்சிருக்கா. நிக்கலியே!"

இறந்த அந்தப் பையன் யார், எந்தத் தெரு என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாத பையனுக்காக அவர் வீட்டில் ஐந்து கைகள் சட்டைக்குள் ஒளிந்துகொண்டன. நான் விடைபெறும்போது தறி நாடாவை ஒரு முறை ஓடவிட்டுச் சொன்னார்: "தம்பி, வெறுங்கையோட போவாதீரும். வேணும்னா இந்தத் தறிக்கு ஒரு குத்துக் குத்திட்டுப் போம், இதுதான் ஓயாம இருமுது."

பூக்கடை

தென்காசியில் பூக்கட்டும் கோமதி அம்மாளும் இலத்தூர்க் கதையைத்தான் சொன்னார். ஆனால் இவர் கதையில் இறந்தது பெண்பிள்ளை. இடைவெளி பத்து நாள் அல்ல, மூன்று மாதம். விஷம் என்ற பேச்சே இல்லை. ஊசி பட்டதால் அம்மனுக்குச் சினம். "பெத்தவ சாம்பலை எடுத்துப் பூசி, தாயே போயிருன்னு கும்பிட்டிருக்கா. ஆத்தா கேக்கலை."

நோட்டில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக்கொண்டேன். நான் எழுதுவதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதுத ஆளு எழுதும். நீரு ஊசியோட நில்லும், நான் பூவோட நிக்கேன். ஆத்தா யாருகிட்ட வாரான்னு பாப்போம்."

அருவிக்கரையில்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை உடம்புகளைத் தொடுகிறார்கள் என்பதை நினைத்து, அவர்களுக்கு முதலில் குத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அவர்களுக்குத் தலைவர்போல் இருந்தவர் சுடலைமுத்து. அம்மை குத்தினால் கை வீங்கி ஒரு வாரம் வலிக்கும். சீசனில் ஒரு வாரம் என்பது அவர்களுக்கு அரை வருஷம். அந்த மறுப்பை நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது அடுத்து வந்தது. "எம்மவனுக்குக் குத்தினாவ. குத்தின மறுவருசம் அம்மை வாத்துப் போயிட்டான். எங்க ஊரு இலத்தூரு. யார்கிட்ட வேணும்னாலும் கேளும்."

யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வட்டாரமே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதையின் தகப்பன் என் முன்னே எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார். சாம்பலைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அது தெரியவில்லை. குத்திய அன்று அவர் அருவிக்கரையில் இருந்தார். வீட்டில் இருந்தவள் அவர் மனைவி மாடத்தி ஒருத்தியே. இப்போது அவர்களுக்கு மூன்று வயதில் பேச்சி என்று ஒரு மகள்; அவள் கையில் ஊசி பட்டதே இல்லை. "ஒண்ணைக் குடுத்தாச்சு ஐயா. இன்னொண்ணைக் கேக்காதிய."

இரண்டு ஏடுகள்

அன்று மாலை மூன்று வடிவங்களையும் வரிசைப்படுத்தினேன். பையன் பெண்ணானான், பத்து நாள் ஒரு வருஷமாயிற்று, விஷம் தெய்வக் கோபமாயிற்று. தகப்பன் அறியாத சாம்பல் மட்டும் ஊர் சொன்ன இரண்டிலும் மாறவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் வேறுவேறாக இருந்தன. அப்படியானால் காரணங்கள், கதை சொல்பவர்கள் சேர்த்தவை. சாம்பல் யாரோ கண்ணால் கண்டது. நாங்கள் கையில் ஒரு சொட்டு அம்மைப்பாலை வைத்து, முள் பதித்த சிறு கருவியை அதன்மேல் திருகுவோம். அது தானாகக் காய வேண்டும். ஈரம் காயுமுன் சாம்பலால் துடைத்தால், குத்தியதாகவே பொருள் இல்லை. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். பையனுக்குக் குத்திய பதிவு இருந்தது. எட்டாம் நாள் திரும்பப் போய், கொப்புளம் எழும்பியதா என்று பார்த்துக் குறிக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. எனக்கு முன்னிருந்தவர் போகவில்லை.

என் மேலதிகாரியான சுகாதார இன்ஸ்பெக்டரிடம் இரண்டு ஏடுகளையும் விரித்துக் காட்டினேன். அவர் துள்ளிக் குதித்தார். தெரு நடுவில் மாடத்தியை நிறுத்தி உண்மையைச் சொல்லவைத்தால் ஊரே கைநீட்டும் என்றார். மகனை இழந்தவளிடம் அந்தச் சாம்பலை நான் எடுத்து நீட்டமாட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "அப்ப நீ நோட்டைக் கட்டிக்கிட்டு அழு. அவ பிள்ளை செத்தா அதையும் அழகா எழுதி வை."

கீழத்தெரு

நான்காம் நாள் செய்தி வந்தது: இலத்தூர்க் கீழத்தெருவில், மாடத்தி வீட்டுக்கு நேர் எதிர்வீட்டு இளைஞனுக்குப் பெரியம்மை. பேச்சி முந்தின நாள்வரை அந்த வீட்டு வாசலில் விளையாடியிருக்கிறாள். உடனே குத்தினால் காப்பாற்றலாம், தாமதித்தால் முடியாது. போய்ச் சேர்ந்தபோது நிலைகளில் வேப்பிலை தொங்கியது. பெண்கள் கூடி நின்றார்கள். எல்லார் கண்ணும் மாடத்திமேல் இருந்தது. அவள் சம்மதிக்காமல் அந்தத் தெருவில் ஒரு கைகூட நீளாது.

நான் அவளைப் பார்க்காமல், தெருவுக்குப் பொதுவாகப் பேசினேன். "குத்தின பொறகு அந்த ஈரத்தை யாரும் தொடக்கூடாது. அது காயுற வரைக்கும் நான் இங்கேயே இருப்பேன்." மாடத்தி பேச்சியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கேட்டாள்: "தொட்டா என்ன ஆவும்?" பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மருந்து உள்ள போவாதும்மா. குத்தாத மாதிரிதான்." அவள் எதிர்வீட்டு வேப்பிலையைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி, "இவரு பேச்சைக் கேக்காதட்டி" என்றாள்.

மாடத்தி அவள் பக்கம் திரும்பினாள். "நீ சும்மா கெட. அன்னைக்கி வீட்டுல கருவாட்டுக் கொழம்பு. அம்மைப்பாலு ஆத்தாளுக்கு உள்ளதாச்சே, கவுச்சி வீட்டுல நிக்கக் கூடாதேன்னு, குத்துன ஆளு தெருத் தாண்டுமுன்ன நான்தான் சாம்பலை வச்சுத் தொடச்சேன். எம்புள்ளைக்கு ஊசி குத்தவே இல்லட்டி. குத்தியும் செத்தான்னு நான்தான் ஊரெல்லாம் சொன்னேன்." அவள் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, பேச்சியின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "குத்துங்க ஐயா. கவுச்சியோ சுத்தமோ, காயுற மட்டும் இவ கையை நான் புடிச்சுக்கிடுதேன்."

எட்டாம் நாள்

அன்று பொழுது சாய்வதற்குள் கீழத்தெருவில் குத்தாத கை இல்லை. எட்டாம் நாள் வந்து, கொப்புளம் பார்த்து நிரப்ப வேண்டிய கட்டத்தை மாடத்திக்குப் பதிவேட்டில் காட்டினேன். எடுத்துப்போன அம்மைப்பால் தீர்ந்து, தென்காசிக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. சுடலைமுத்து மறுநாளே அருவிக்கரையிலிருந்து தம் ஆட்களைத் திரட்டி அழைத்து வந்தார். கை வீங்குமே என்று நானே நினைவூட்டினேன். "வீங்கட்டும். ஒரு வாரம் காலால மிதிச்சு எண்ணெய் தேய்க்கோம், பட்டணத்து ஆளுகளுக்குப் புது வைத்தியம்னு சொல்லிக்கிடலாம்" என்றார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதிர்வீட்டு இளைஞன் தழும்புகளோடு பிழைத்தான், அம்மை அந்த வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கவே இல்லை. ஆனால் எட்டாம் நாள் காலையில் அது எனக்குத் தெரியாது. விடிந்ததும் வேகமாக நடந்துபோனேன். எனக்கு முன்பே மாடத்தி வீடு வீடாகப் போய் எல்லாக் கைகளையும் பார்த்து முடித்திருந்தாள். தெருமுனையில் பேச்சியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றவள், அந்தச் சிறு கையைக் கொடிபோல் உயர்த்திக் காட்டினாள். கொப்புளம் வட்டமாக, முழுசாக, நடுவில் குழிந்து எழும்பியிருந்தது. "ஏ ஐயா, ஓடி வாங்க! ஒங்க நோட்டுல அந்தக் கட்டத்தை மொதல்ல எழுதுங்க, பொறவு மூச்சு வாங்குங்க!"

பிற்காலத்தில் நான் வெளியிட்ட பாட ஆராய்ச்சிகள் ஒவ்வொன்றுக்கும் யாரேனும் ஓர் அறிஞர் மறுப்புரை எழுதாமல் விட்டதில்லை. பேச்சியின் கையில் எழும்பிய இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை எவரும் எழுதவில்லை.