மேடை விளிம்பில் ஒரு வரிசைக் கல்

அப்புத்தளைக்கும் பதுளைக்கும் நடுவில் எங்கள் தோட்டத்துக்கென்று ஒரு சின்ன ரயில் நிறுத்தம் உண்டு. அதன் மேடை மிகவும் தாழ்வு. ரயிலில் ஏற முழங்காலை வயிறு வரைக்கும் தூக்க வேண்டும். அக்காவுக்கு அது முடியாது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் போனவள். மாதம் ஒருமுறை பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போக ரயிலை விட்டால் வழியில்லை. பஸ் பிடிக்க மூன்று மைல் இறங்க வேண்டும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மேடை விளிம்பில் ஒரு வரிசை சீமெந்துக் கல் வைத்துப் பூசினோம். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கடிதம் எழுதச் சொல்வார்கள். பதில் வருவதற்குள் அக்கா கிழவியாகிவிடுவாள். நான் தண்டவாளம் பராமரிக்கிற வேலையில் இருப்பவன். அது தப்பென்று தெரிந்தேதான் செய்தேன்.

இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு புதிய ரயில் பெட்டிகள் வருகின்றன என்றார்கள். பழையவற்றைவிட அகலமானவை. ஓட அனுமதி கொடுக்கும் முன் பாதை முழுவதையும் சோதிக்க வேண்டும். புதிய பெட்டியின் அகலத்துக்கு, மிதிபலகை உட்பட, மரச்சட்டம் அடித்து ஒரு தட்டு வண்டியில் நிறுத்தினார்கள். இன்ஜின் அதை நடை வேகத்தில் தள்ளிக்கொண்டு வந்தது. எங்கே முட்டுகிறதென்று ஒரு பக்கம் பொறியியலாளர் பார்த்தார். மேடைப் பக்கம் நான்.

எங்கள் நிறுத்தத்தில் சட்டம் கல்லை உரசியது. விரல் அகலம்தான். இன்ஜின் இரைச்சலில் சத்தம்கூடக் கேட்கவில்லை. பொறியியலாளர் அந்தப் பக்கத்து மண்திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகப்போகத் தேய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் எங்கள் பாதையில் பெட்டி வாசலில் யாராவது உட்கார்ந்து காலைத் தொங்கப்போடாமல் ரயில் போனதே இல்லை. சுற்றுலா வருகிறவர்களும் அப்படித்தான், நம் பிள்ளைகளும் அப்படித்தான். மிதிபலகையில் இருக்கிற கால் கல்லில் மாட்டினால் கால் மிஞ்சாது. கையைத் தூக்கி, முட்டுகிறது என்று கத்தினேன்.

யார் கட்டியது என்று பொறியியலாளர் சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். இதை எடுத்தால்தான் அனுமதி, கட்டியவனே உடைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கல்லைப் பெயர்க்க அலவாங்கோடு போனேன். அக்கா கேள்விப்பட்டு வந்து நின்றாள்.

"நீ பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

அதோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நன்றாகப் பூசியிருந்தோம், கல் லேசில் பெயரவில்லை.

கிளினிக் நாளில் புதிய ரயில் வந்தது. ஏற்றிவிடக் கை நீட்டினேன், அக்கா பிடிக்கவில்லை. வாசலில் கால் தொங்கப்போட்டிருந்த இரண்டு வாலிபர்கள் எழுந்து, அவளைக் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டார்கள். பிறகு பழையபடி உட்கார்ந்தார்கள். ரயில் நகர்ந்தது. கல் இருந்த இடத்தில் நான்கு கால்கள் எதிலும் படாமல் போயின. அக்கா அவர்களுக்குப் பின்னால் நின்று கீழே அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாயந்தரம் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் லயத்து வீட்டுக்குப் போகிற பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அடுத்த மாசமும் லீவு போட்டுட்டு வந்துரு. ஏத்திவிட ஆள் வேணும்ல."