ஓல்ட் வின்ட்சருக்கு ஒரு பகல்

நாங்கள் குடியிருந்தது நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இங்கிலாந்தில், தேம்ஸ் கரையில், ஓல்ட் வின்ட்சர் என்று ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. அரசர்கள் முதலில் தர்பார் நடத்தியது அங்கேதான். பின்னால் வந்தவர்கள் சில மைல் தள்ளிக் கோட்டையைக் கட்டி, பெயரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். திருச்சியில் ஐந்து வருடம் கல்லூரியில் இங்கிலாந்து சரித்திரம் நடத்தியவள் நான். அந்தக் கிராமத்தைப் பற்றி எத்தனை வகுப்பில் தொண்டை கிழியப் பேசியிருப்பேன்! கல்யாணமாகி, வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் இங்கே வந்து, வின்ட்சர் என்ற பெயரைக் கரண்ட் பில்லில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடம் கழித்து சென்னைக்குக் கிளம்பினோம். லண்டன் வழியாக டிக்கெட், நடுவில் பதினொரு மணி நேரம். "ஏர்போர்ட்லேர்ந்து அரை மணி நேரம்தாங்க. டாக்ஸில போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றேன். கணவர் சரியென்றார். அந்தக் கிராமத்து ஆற்றங்கரைச் சர்ச்சுக்கு வழி பார்த்து, மேப் பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

எங்கள் பாஸ்போர்ட்டில் இருந்த அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. கையில், தங்கும் காலத்தை நீட்டித்து அமெரிக்க அரசு அனுப்பிய கடிதம் மட்டும்தான். புது முத்திரையைச் சென்னையில் வாங்குவதாகத் திட்டம். அப்படிப் போகிறவர்களுக்கு லண்டனில் விமானம் மாறவே டிரான்சிட் விசா வேண்டும் என்று படித்தேன். மூன்று தடவை அவரிடம் சொன்னேன்.

"அதான் லெட்டர் இருக்கே. இமிக்ரேஷன் மேட்டரெல்லாம் உனக்குப் புரியாது. நீ பேக்கிங்கைப் பாரு."

எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவருடைய நீல ஃபைலில்தான் இருக்கும். என்னுடையதும்.

நெவார்க் ஏர்போர்ட்டில் கவுன்ட்டர் பெண் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள். டிரான்சிட் விசா இல்லாமல் எங்கள் இருவரையும் ஏற்ற முடியாது என்றாள். இங்கே பிறந்த ஐந்து வயது மகளுக்கு மட்டும் தடையில்லையாம், அவளிடம் அமெரிக்க பாஸ்போர்ட்.

"ஸோ, ஐ கேன் கோ?" என்று துள்ளினாள் மகள்.

"ரூல்ஸை மாத்திக்கிட்டே இருக்கானுங்க" என்றார் கணவர். அப்புறம் என்னைப் பார்த்து, "விடு, அந்த கிராமம் எங்க ஓடிடப் போகுது?" என்றார்.

அந்த நீல ஃபைலைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. பிடுங்கத்தான் பிடுங்கினேன். என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஃபைலைத் திருப்பிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து மும்பைக்கு நேராகப் போகும் விமானத்தில் போனோம்.

அடுத்த வருடம் வந்து நின்றார். "பாஸ்போர்ட்டைக் குடு, எக்ஸ்டென்ஷன் அப்ளை பண்ணணும்."

"ஃபாரத்தைக் குடுங்க, நானே ஃபில் பண்றேன்."

அவர் ஏற்கெனவே நிரப்பிவைத்திருந்த ஃபாரத்தில் இரண்டு தப்பு இருந்தது. திருத்திக் கொடுத்தேன். அப்படியே தபாலில் சேர்த்தார் மனிதர். ஓல்ட் வின்ட்சரை நான் இன்னும் பார்க்கவில்லை.