பட்டியலின் முதல் வரியில் பிள்ளையார்

இன்று கோட்டுச்சேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் கத்திக்கொண்டே வந்தார். "எக்செல் ஃபைல் கனெக்ட் ஆகலைங்க. சிஸ்டமே சரியில்ல!"

எண்பதுகளின் கடைசியில், காரைக்காலில் நான் வேலை பார்த்த உரக் கம்பெனி மேனேஜர் நினைவுக்கு வந்தார். சிஸ்டத்தையும் என்னையும் திட்டுவதில் அவர்தான் முன்னோடி.

கிடங்கிலிருந்து பிளாப்பியில் வரும் இருப்புக் கணக்கை என் கம்ப்யூட்டரில் இருந்த பெரிய பட்டியலுக்குள் இழுக்க வேண்டும். அந்த அறிவாளி மேனேஜரோ ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, மேலே ஒரு வரி சேர்த்து, பிள்ளையார் சுழி போடுவார். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது என்பதால் 'உ' மாதிரியே இருக்கும் 2 என்று அடிப்பார். எல்லா எண்களும் ஒரு வரி கீழே இறங்கி, யூரியா கணக்கு பொட்டாஷில் போய் விழும்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? ஹெட் ஆபீஸுக்கு ஒன் மேலதான் புகார் எழுதப் போறேன்."

"சார், நீங்க மேல சேர்த்த வரியை எடுத்துட்டா சரியாயிடும்."

"சுழியை எடுக்கறதா? ஒங்க மாதா கோயில்ல சிலுவை போடாம பூசை ஆரம்பிப்பீங்களா?"

அவர் டீ குடிக்கப் போனதும் அந்த வரியை அழித்தேன். பிளாப்பியின் லேபிளில் பேனாவால் பெரிதாக ஒரு சுழி போட்டேன். கணக்கு ஒழுங்காக உட்கார்ந்தது.

திரும்பி வந்தவர் லேபிளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "பாத்தியா? சுழி பெருசா இருந்தாதான் மிஷின் கேக்குது!"

மறுநாளிலிருந்து ஃபைலுக்குள் 222 என்று அடிக்க ஆரம்பித்தார்.

பக்கத்து சீட்டுக்காரர் இறங்கும்வரை சிஸ்டத்தையே திட்டிக்கொண்டு வந்தார். உங்கள் ஆபீஸில் முதல் வரியில் யார் உட்கார்ந்திருக்கிறார், சொல்லுங்கள்?