மதினியின் பிடி அரிசி

எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் வாய் ஓரம் உடைந்த மண்பானை ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு பலகைத் துண்டு, பலகையின் மேல் எலி தள்ளாதபடிக்கு அம்மிக் குழவி. குழவி பலகையில் உரசும் சத்தம் கேட்டால், மதினி உலை வைக்கப் போகிறாள் என்று அர்த்தம். அரிசியைப் படியால் அளந்து முறத்தில் கொட்டுவாள், கல் பொறுக்குவாள், அப்புறம் அளந்ததிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப அள்ளி அந்தப் பானையில் போடுவாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரும் செய்கிற காரியம்தான். ஆனால் அது உலகச் சண்டை நடந்த சமயம். அரிசிக்குக் கார்டு வந்துவிட்டது. வாரம் ஒருமுறை கார்டைக் கொடுத்து வாங்குகிற அரிசி வீட்டுக்குப் பற்றாமல், பாதி நாள் சோளமும் கம்பும்தான் வயிற்றை நிரப்பின. அப்படிப்பட்ட நாளில் மதினி பானைக்குள் போட்ட ஒவ்வொரு பிடியும் என் தட்டிலிருந்து பிடுங்கியதாகவே எனக்குப் பட்டது.

மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி. அம்மா எனக்குப் பத்து வயதிலேயே போய்விட்டாள். அண்ணன், நான், அய்யா மூன்று பேரும் மில்லில் மூன்று ஷிப்டு. ஒருவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது இன்னொருவர் பசியோடு செருப்பைக் கழற்றுவார். மதினிக்கு மூன்று பிள்ளைகள் வேறு. மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் தூக்குச்சட்டியில் சோறு இறங்கியாக வேண்டும். மார்க்கெட்டில் கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போய், சொத்தைக் கத்திரிக்காயும் உதிர்ந்த வெங்காயமும் மடி நிறைய வாங்கி வருவாள். அந்தச் சொத்தையை அரிந்து தள்ளிவிட்டு அவள் வைக்கிற புளிக்குழம்புக்காகவே என் கூட்டாளிகள் மத்தியான நேரம் என் தூக்குச்சட்டியைச் சுற்றி உட்காருவார்கள்.

எனக்கு எட்டாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. வாய் மட்டும் முடியவில்லை. குழவிச் சத்தம் கேட்டதும் அடுப்படி வாசலில் போய் நிற்பேன். "என்ன மதினி, கொட்டாம்பட்டிக்குக் கடத்தவா?" என்பேன். கொட்டாம்பட்டி அவள் பிறந்த ஊர். அவளும் சளைத்தவள் இல்லை. "ஆமா கொழுந்தனாரே. எங்க அய்யா அங்க வண்டி கட்டி நிக்கிறாரு. நீங்களும் ஏறிக்கிருங்க, அங்க மாட்டுக்குத் தவிடு வைக்க ஆளு இல்லையாம்." என்மேல் குஷி வந்தால் கொழுந்தனாரே. மற்ற நேரத்தில் வெறும் தம்பி.

ஒருநாள் நிஜமாகவே கேட்டுவிட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பக்கத்து ஊர் பரவையில் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கச்சி அப்போது முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் கட்டிக்கொண்டு போய் ஊர்ப் பெண்களுக்குப் போட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல் அடுக்க வேண்டும். "ஆத்தா இல்லாத பிள்ளைய்யா அவ. வெறுங்கையோட போனா அவ மாமியா வீட்ல தலை நிமிர முடியுமா? நீ வெளிய மட்டும் வாயத் தொறந்திராத. கார்டுக்கு மேல அரிசி இருந்தா பதுக்கல்னு சொல்லிக் கார்டப் பிடுங்கிருவானுக" என்றாள். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

அந்த வாயைத்தான் ஒரு வியாழக்கிழமை ரேஷன் கடை வரிசையில் திறந்தேன். ஒரு மணி நேரமாக வெயிலில் நின்றோம். அளந்து போடுகிறவன் அன்றைக்கு எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தான். என் முறை வந்தபோது பையில் விழுந்தது பாதி கல், பாதி நாற்றம். "அண்ணே, இத நீங்களே வச்சு ரோடு போடுங்க. எங்க மதினி அரிசியப் பானை பானையா வச்சு அதுக்கு மேல பாய் விரிச்சுத் தூங்குது" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு பீடியைவிடச் சுகமாக இருந்தது எனக்கு. அளந்து போடுகிறவன் மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை. தங்கச்சிக்கு ஏழாம் மாதம் பிறக்க இன்னும் ஐந்து நாள். அடுத்த வெள்ளிக்கிழமை போவதாகச் சொல்லி அனுப்பியாயிற்று. அண்ணன் ஷிப்டில் இருந்தான். அய்யா வேலை முடிந்து வந்து அசந்து தூங்கினார். கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, பெரிய செப்பு அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எண்ணெய்க் குளியல். நான் கோவணத்தோடு, தலையிலிருந்து எண்ணெய் வழிய, கல்லில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தேன்.

தெருக்குழாய்க்குப் போன மதினி குடமில்லாமல் திரும்பி ஓடி வந்தாள்.

"ரேஷன் இன்ஸ்பெக்டரு வாராரு. கூட ஒரு பியூனு. 'மில்லுல வேலை பாக்குற, நக்கலாப் பேசுற பய வீடு எது'ன்னு கேக்குறாக. அரிசிப் பானை வச்சிருக்கோமாம். ஏய்யா, என்ன சொன்ன நீ?"

என் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். எங்களுடையது லைன் வீடு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சுவர், எல்லா வாசலிலும் ஆள். ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போக? மதினி அடுப்படிக்குள் போனாள். குழவி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பானையை இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து, கொதித்துக்கொண்டிருந்த குளியல் வெந்நீரில் அத்தனை அரிசியையும் கவிழ்த்தாள். பல மாதத்துப் பிடி. ஒரு வாட்டி 'சொய்' என்றது, அடங்கியது. தட்டைப் போட்டு மூடினாள். வெறும் பானை பழையபடி மூலைக்குப் போனது.

"போ. வாசல்ல நில்லு. எம்புட்டு நேரம் முடியுமோ பேசு. பேசத்தானே தெரியும் ஒனக்கு" என்றாள். குரல் உயரவில்லை.

எண்ணெய் சொட்டச் சொட்ட வாசலில் போய் நின்றேன். இன்ஸ்பெக்டர் வயசானவர், கையில் குடை. நான் உட்காரச் சொன்னேன், மோர் குடிக்கிறீகளா என்றேன், வீட்டில் மோரே கிடையாது. கடையில் சொன்னது வெறும் கேலி என்று சிரித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "பேச்சு நிறைய இருக்கு. அரிசி எம்புட்டு இருக்கு?" என்று கேட்டுவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனார்.

அடுப்படியில் கார்டு அரிசி இருந்த பையைத் தூக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. மூலைப் பானையின் பலகையை எடுத்தார், உள்ளே கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்த விரல் நுனி வெள்ளையாக இருந்தது.

"என்னம்மா இது?"

"முன்ன அரிசி வச்சிருந்த பானைங்கய்யா. இப்ப அரிசிக்கு எங்க போறது."

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். அண்டாவின் தட்டு லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. விளிம்பில் வெள்ளை நுரை எட்டிப் பார்த்தது. மதினி விறகை வெளியே இழுத்தாள்.

"அண்டாவுல என்ன?"

"வெந்நீருங்கய்யா. தம்பி எண்ணெய் தேச்சிருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப குளியேன்ப்பா. எண்ணெய் காயுதுல்ல."

தட்டை ஒரு விரல் அளவு நகர்த்திச் செம்பை மேலாக விட்டு மொண்டேன். பச்சைத் தண்ணீர் வாளியில் ஊற்றிக் கலக்கினேன். அவர் நகரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையில் ஊற்றினேன். கஞ்சி, கொழகொழவென்று முதுகு வரை இறங்கியது. எண்ணெயும் கூடவே போனது. கண்ணைத் திறந்தபோது என் தோளில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொல்லையில் நுரை கங்கில் விழுந்து 'சுர்' என்ற சத்தம் மட்டும்தான்.

"தண்ணி கொஞ்சம் தடிப்பா இருக்கு" என்றார். குடையை எடுத்துக்கொண்டார். பியூனிடம், "இங்க ஒண்ணும் இல்ல, எழுதிக்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். அவர் வீட்டு அடுப்படி மூலையிலும் ஒரு பானை இருந்ததோ என்னவோ.

அவர் போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மதினி சிரிக்கவில்லை. அண்டாவைத் திறந்தாள். வெள்ளைவெளேரென்று ஊருக்கே போடுகிற சோறு. வெள்ளிக்கிழமை வரை எந்தச் சோறு நிற்கும்? இருந்த புளியை எல்லாம் கரைத்தாள், பக்கத்து வீட்டில் நல்லெண்ணெய் வாங்கிக் கிளறினாள், நான் மாட்டுவண்டி பிடித்து வந்தேன். பொழுது சாயப் பரவை போய்ச் சேர்ந்தோம்.

தங்கச்சியின் மாமியார் வாசலிலேயே மறித்தாள். "ஆறாம் மாசத்துல யாரு ஆத்தா கட்டுச்சோறு கொண்டாருவா? நாளு கெழமை தெரியாதா ஒங்க வீட்ல?"

"வளையலு வெள்ளிக்கிழமை வந்து போடுறேன் அத்தை. சோத்த மட்டும் இன்னைக்கே எறக்கிக்கிருங்க" என்றாள் மதினி. காரணம் கேட்டார்கள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "நாளத் தப்பாப் பாத்துட்டேன்" என்றாள்.

தங்கச்சி வயிறு நிறையத் தின்றாள். தெருவும் தின்றது. ஆனால் அது விசேஷம் இல்லை, வெறும் சோறு. வெள்ளிக்கிழமை மதினி வளையலும் சோளப் பணியாரமும் எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். கூடியிருந்த பெண்களுக்கு முன்னால் அந்த மாமியார் பணியாரத்தைப் பிட்டுப் பார்த்து, "தாயி இல்லாத வீடுன்னு தெரியுது" என்றாளாம். மதினி குனிந்தபடியே வளையலை அடுக்கி முடித்தாளாம். தங்கச்சி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மதினி என்னைத் திட்டவே இல்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. சோறு போட்டாள், தூக்குச்சட்டி கட்டினாள், தம்பி என்று கூப்பிட்டாள். கொழுந்தனாரே மட்டும் நின்றுபோனது. குழவிச் சத்தம் கேட்டு நான் அடுப்படி வாசலுக்குப் போனால், முதுகைக் காட்டிக்கொண்டு கையைப் பானைக்குள் விடுவாள். நான் என்ன கேலி சொன்னாலும் அந்த முதுகில் பட்டுக் கீழே விழும். ஒருத்தரும் திட்டாத வீட்டில் கேலிக்காரனாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் கற்றேன்.

சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கார்டு மட்டும் போகவில்லை. தங்கச்சி மகளுக்கு இப்போது நாலு வயது. எனக்கும் பெண் பார்த்து, வருகிற தையில் கல்யாணம் என்று பேசியிருக்கிறார்கள்.

நேற்று ஷிப்டு முடிந்து வந்து கால் கழுவும்போது குழவி உரசும் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் வாசலில் போய் நின்றேன். மதினி அரிசியை முறத்தில் கொட்டியிருந்தாள். ஒரு பிடி அள்ளினாள். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. மூடிய கையை என் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து ஒரு நிமிஷம் பிடித்தாள். பிறகு என் கண் முன்னாலேயே பானைக்குள் விட்டாள்.

"என்ன கொழுந்தனாரே பாக்குறீக? ஒங்க கல்யாணத்துக்குத்தான். ஓடுங்க, கடை வரிசையில போயிச் சொல்லிட்டு வாங்க."

நான் குனிந்து குழவியைத் தூக்கி, பலகை மேல் சத்தம் வராமல் வைத்தேன்.