ஆளில்லாத மண்டகப்படிகள்

2004 ஐப்பசியில் எங்கள் இணையதளம் காணாமல் போயிற்று. அழிந்துவிடவில்லை. முகவரி தெரிந்தவர்களுக்கு எப்போதும்போல் திறந்தது. ஆனால் தேடுபொறியில் தேடினால் வரவில்லை. அதற்கு முன்பெல்லாம் ஆங்கில எழுத்தில் அழகர் திருவிழா என்று தட்டினால் முதலில் வந்து நிற்பது எங்கள் தளம்தான். இப்போது பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தும் அதன் பெயர் இல்லை. ஓர் இணையதளத்துக்காகவா ஒரு மனிதன் அழுவான் என்று கேட்பீர்கள். நான் அழுதேன். நம் பௌர்ணமிக் கூட்டு வழிபாட்டுக்கு வரும் உங்களுக்குக் காரணம் சொன்னால் புரியும்.

என் மனைவி முத்துலட்சுமிக்குச் சொந்த ஊர் சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். அவளுக்கு ஒரே தம்பி, செல்லப்பாண்டி. 1993 ஆவணியில், தன்னைக் கேட்காமல் அப்பா பெண் பேசி முடித்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவனைப் பார்த்ததாக ஊர்க்காரர் ஒருவர் பிறகு வந்து சொன்னார். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அப்பா இறந்ததுகூட அவனுக்குத் தெரியுமா என்பது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் மகள் கவிதாவுக்கு 2005 வைகாசியில் திருமணம் என்று பேசி முடித்திருந்தோம். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மேடைக்கு அழைத்து வர வேண்டும். அவளுடைய பெரியப்பா மகன் ஒருவரை மாமன் முறைக்கு நிற்கச் சொல்லலாம் என்றேன். முத்துலட்சுமி அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"யாரு வேணும்னாலும் நிக்கட்டும். மாலைய நான் குடுக்க மாட்டேன்" என்றாள்.

பாண்டியைத் தேட எங்களிடம் இருந்த ஒரே வழி அந்தத் தளம். அவன் பதினான்கு வயதிலிருந்து அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன் செலுத்தியவன். தோல்பையைத் தோளில் மாட்டினால் மூன்று நாள் வீட்டுக்கு வரமாட்டான். "எந்தச் சீமையில இருந்தாலும், அழகர் ஆத்துல எறங்குற தேதிய மட்டும் யாருகிட்டயாவது கேட்டுருவான்" என்று முத்துலட்சுமி அடிக்கடி சொல்வாள். அந்தப் பேச்சிலிருந்துதான் தளமே பிறந்தது. ஒவ்வோர் ஆண்டும் திருவிழாத் தேதி, அழகர் உடுத்திய பட்டின் நிறம், ஆற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா, எல்லாவற்றையும் எழுதினேன். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டோம்: "சோழவந்தான் செல்லப்பாண்டிக்கு: கவிதாவுக்கு வைகாசியில் கல்யாணம். மாலை உன் கையால்தான்."

தளம் இறங்கியதற்குக் காரணம் நான்தான். எனக்குத் தேதிகளின்மேல் ஒரு பிரியம். நாட்குறிப்பு எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது. 2004 ஆவணியில் நண்பர் ஒருவர் ஒரு கணினி நிரல் எழுதித் தந்தார். அதைத் தட்டினால் போதும், நான் பிறந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் உண்டாகிவிடும். கிழமை, நட்சத்திரம், திதி, சூரிய உதயம். கீழே "இன்றைய குறிப்பு" என்று ஒரு வெற்றிடம். பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆயிரக்கணக்கான நாட்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றபோது என் ஆயுள் முழுவதையும் பத்திரப்படுத்திவிட்ட நிறைவு எனக்கு.

மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருமுனையில் ஜெகந்நாதன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வீட்டில் சௌராஷ்டிர மொழி, எங்களோடு அசல் மதுரைத் தமிழ். என்னைவிடச் சில வயது இளையவர். அவர் தளத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இம்புட்டுப் பக்கம் எதுக்குண்ணே?"

"எல்லாம் நாள் ஜெகன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம்."

"நாளு சரி. உள்ள என்ன இருக்கு?"

"அங்கங்க ரெண்டு மூணு வரி. மத்ததுல இன்னும் எழுதலை."

"அப்ப வர்றவன் என்னத்தப் பார்ப்பான், உங்க மூஞ்சியவா? எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தா அந்தத் தேடுபொறி குப்பைன்னு நெனச்சு மொத்தத்தையும் கீழ தள்ளிருது போல. நானும் உறுதியாச் சொல்லல. தூக்கிட்டுப் பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாளைக் குப்பை என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் சாமி கொடுத்தது இல்லையா? தளத்தில் வேறு என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். தலைப்பை மாற்றினேன். அழகர் என்ற சொல்லைப் பத்து இடத்தில் கூடுதலாக எழுதினேன். ஒன்றும் மாறவில்லை.

கார்த்திகை பிறந்தது. விடாத தூறல். நான் பூஜை அறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. முதலில் தளம் மேலே வர வேண்டும் என்று கேட்டேன். பிறகு அதைக் கேட்கவே வெட்கமாக இருந்தது. கடைசியில் இப்படித்தான் கேட்டேன்: "அழகா, தளம் எனக்கு வேண்டாம். பாண்டி கண்ணில் அந்த ஒரு வரி பட்டால் போதும். என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்லிவிடு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். வெளியே மழை. விழிப்பா தூக்கமா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் அழகர்கோயில் சாலையில் நிற்கிறேன். சாலையின் இருபுறமும் அழகர் நின்று போகும் மண்டகப்படிப் பந்தல்கள், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. எல்லாம் நான் போட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. எந்தப் பந்தலிலும் ஆள் இல்லை. தண்ணீர்ப் பானை இல்லை, பூ இல்லை, விசிறி இல்லை. தூரத்தில் வெளிச்சம் வருகிறது. தரையைத் தொடாமல் மிதந்து வருவதுபோல் அழகர் வருகிறார். பல்லக்குத் தூக்கிகளின் காலடிச் சத்தம் இல்லை, கூட்டத்தின் சத்தம் இல்லை. மழையின் சத்தம் மட்டும். நான் விளக்கு விளக்காக ஓடுகிறேன். ஒரு விளக்கைத் தூண்டினால் முந்தையது அணைகிறது. அழகர் எந்தப் பந்தலிலும் நிற்கவில்லை. வெகுதூரத்தில் ஓலை வேய்ந்த ஒரே ஒரு சின்னப் பந்தல். அங்கே முத்துலட்சுமி ஒரு செம்புத் தண்ணீரோடு நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் பல்லக்கு தாழ்ந்தது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் மழை விட்டிருந்தது. கொடியில் இருந்த துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

முத்துலட்சுமியிடம் சொன்னேன்.

"ஆளில்லாத எடத்துல சாமி எதுக்கு நிக்கும்? அம்புட்டையும் பிரிச்சுப் போடுங்க" என்றாள். பிறகு, "என்னைய எந்தச் சேலையில பார்த்தீக?" என்று கேட்டாள்.

மறுநாளே தொடங்கினேன். நிரலை வைத்து மொத்தமாக நீக்கியிருக்கலாம். மனம் வரவில்லை. ஒவ்வொரு நாளாகத் திறந்து பார்த்து, வெறுமையாக இருந்தால் "இந்த நாள் உனக்குத் தெரியும், எனக்குத் தெரிய வேண்டியதில்லை" என்று அழகரிடம் சொல்லிவிட்டு நீக்கினேன். இரண்டு வரி மூன்று வரி இருந்த நாட்களை ஒன்றாகச் சேர்த்து மாதத்துக்கு ஒரு பக்கமாக்கினேன். கவிதா பிறந்த நாள் நின்றது. வைகையில் தரைப்பாலம் மூழ்கிய நாள் நின்றது. மாமனார் இறந்த நாள் நின்றது. மற்றவை போயின. போகப் போக ஒரு விசித்திரமான லேசு. யாரோ என் தோளிலிருந்து ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக எடுப்பதுபோல் இருந்தது. மார்கழி முழுக்க அந்த வேலை. விடியலில் திருப்பாவை ஒலி தெருவில் மிதந்து வரும். நான் நாட்களைக் கரைத்துக்கொண்டிருப்பேன்.

நீக்கியவுடன் ஒன்றும் நடந்துவிடவில்லை. தை முழுவதும் பழைய இருட்டுதான். ஜெகந்நாதன் என்னைப் பார்த்தால் கையை மட்டும் விரிப்பார். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரம் நெருங்கியது. தாய்மாமன் பெயரை எப்படிப் போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். "போடுங்க, செல்லப்பாண்டின்னே போடுங்க" என்றாள் முத்துலட்சுமி. அவளுடைய நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாசிக் கடைசியில் ஜெகந்நாதன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்.

"அண்ணே, தேடுனா உங்காளு மூணாம் பக்கத்துல நிக்கிறாரு."

பங்குனி உத்திரத்துக்குள் முதல் பக்கத்துக்கு வந்தது. சித்திரைத் திருவிழா நெருங்கி ஊரெல்லாம் தேதி தேடத் தொடங்கியபோது பழையபடி முதலில் வந்து நின்றது.

பங்குனி முடியும் முன் ஒரு மின்னஞ்சல். எழுதியவர் யாரோ ஒரு தமிழர், பாண்டியோடு வேலை பார்ப்பவர். கடைப் பையன்கள் விடுமுறை கேட்பதற்காக அழகர் தேதியைத் தேடியபோது எங்கள் பக்கம் வந்திருக்கிறது. கடைசி வரியை அவர் உரக்கப் படித்தாராம். தோசைக்கல் முன் நின்ற பாண்டி தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டானாம். கீழே ஒரு தொலைபேசி எண்.

எண்ணை அழுத்தி முத்துலட்சுமி கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்தது பாண்டிதான்.

"தம்பி" என்றாள். பிறகு திட்டத் தொடங்கினாள். அப்பாவைப் பற்றி, கொடிக்காலைப் பற்றி, ஒரு கடிதம் போட எம்புட்டு நேரம் ஆகும் என்பதைப் பற்றி. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"நிறுத்தாத அக்கா. திட்டிக்கிட்டே இரு" என்று அவன் குரல் எனக்கும் கேட்டது.

சித்திரையில் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. வைகாசியில் கவிதாவுக்கு மாலை போட்டான். அவசரத்தில் மாலை அவள் சடையில் மாட்டிக்கொண்டது. "மாமா, மெதுவா" என்று அவள் சிரித்தாள். அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பக்கங்களை நீக்கியதால்தான் தளம் ஏறியது என்பார் ஜெகந்நாதன். உண்மைதான். நான் மறுக்கவில்லை. அவர் சொன்னபோது கேட்காத என் காதில் அதை ஏற்றியது யார் என்பதுதான் என் கேள்வி. அதற்கு அவர் சிரிப்பார்.

இப்போது எழுத ஒன்றும் இல்லாத நாளில் நான் எழுதுவதில்லை. விளக்கை ஏற்றி அமைதியாக உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நாட்களில்தான் அழகர் அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. நான் கேட்டது ஒரு வரி. அவர் ஒரு மனிதனையே கொண்டுவந்து நிறுத்தினார். இதை எழுதும் இந்த வேளையிலும் நன்றி என்ற சொல் போதவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது போய்த் திரும்பாமல் இருக்கலாம். இனி எங்கே தேடுவது என்று கை ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். வரும் பௌர்ணமிக்கு வாருங்கள். போனவர் பெயரை மட்டும் சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் உங்களோடு சேர்ந்து கூப்பிடுகிறோம்.