மூன்றாவது விளி

அந்த ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் ஊரெல்லாம் வாந்திபேதி. தங்கபாய் அக்கா என் குடிசையில் பாயில் கிடந்தார். கண்கள் உள்ளே போய்விட்டன. விரல்கள் நெடுநேரம் தண்ணீரில் கிடந்தவை போலச் சுருங்கியிருந்தன. பேசினால் பதில் இல்லை. அன்று இருட்டுமுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் அக்கா போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

சபையாரே, எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. படித்தது நாலாம் வகுப்பு. அதனால் என் சாட்சியை எழுதித் தருகிறேன்.

அக்காவைப் பார்த்திராத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கலியாணம் செய்யாமல் ஊழியத்துக்கு வந்தவர். பாறசாலையிலிருந்து பொழியூர் கடற்கரை வரை நடந்தே போவார். பேதி வந்த வீட்டில் சொந்தக்காரர்கள் கால் வைக்காத நாளில் அவர் உள்ளே போவார். துணி அலசுவார். கஞ்சி பருக்குவார். செத்தவர்களைக் குளிப்பாட்டுவார். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்கார்த்தி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, ஆள்களை வைத்துச் சுமந்து கொண்டுபோவார். என் இரண்டு பிள்ளைகளையும் அந்த வாரம் பிழைக்க வைத்தது அவர்தான். அவர்கள் எழும்பின அன்று அவர் விழுந்தார்.

சுமக்க ஆள் இல்லை. முன்பு மூங்கில் பிடித்த தோள்கள் எல்லாம் கல்ஃபுக்குப் போய்விட்டன.

"இங்க நின்னு அழுது கரஞ்சா அக்கா எழும்புமா? போய் வாயத் தொறந்து ஆளை விளியும்" என்று என் வீட்டுக்காரி என்னை வெளியே தள்ளினாள்.

மத்தியானம்தான். ஆனாலும் வானம் அந்தி போல் இருந்தது. ஒடுங்கின இடவழியில் முழங்கால் வெள்ளம். எல்லாக் கதவும் அடைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பேதி நாளில் வாசலில் நின்று பேர் சொல்லி விளிப்பது மனுஷனாக இருக்காது. அது இரண்டு தடவைக்கு மேல் விளிக்காது. பதில் சொன்னவனைக் கொண்டுபோகும். அதனால் மூன்றாவது விளிக்குத்தான் வாய் திறப்பார்கள். நானோ எந்த வாசலிலும் ஒரு தடவை விளித்துவிட்டுத் திரும்புகிறவன். கூச்சம். அன்றும் அப்படியே செய்தேன். நான் விளித்ததும் உள்ளே பேச்சு நின்றது. ஒரு வீட்டில் விளக்கை ஊதி அணைத்தார்கள்.

அயல்காரர் ராஜையன் வீட்டில் ஓர் ஆண் குரல் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

"அண்ணே!" என்றேன்.

"அம்மைக்குக் கால்வலி எப்பிடி உண்டு?" என்றது குரல்.

"அண்ணே, செல்லையனாக்கும்."

"இங்க ஒரே சூடாக்கும். எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தீரல்ல."

அப்போதுதான் நினைவு வந்தது. ராஜையன் துபாயில் இருக்கிறார். குரல் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. நான் ஓடினேன்.

ஓடி நின்ற இடம் எது என்று பார்க்கவில்லை. மழையில் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, ஆள் தாரும்." வேறு வார்த்தை வரவில்லை.

"செல்லையா."

பின்னாலிருந்து வந்தது. அக்காவின் குரல். அவர் என் குடிசையில், இரண்டு தோட்டத்துக்கு அப்பால், வாய் பேசாமல் கிடக்கிறார். நான் மூச்சுவிடவில்லை.

"செல்லையா."

பல்லைக் கடித்தேன். மழைச் சத்தம்கூடக் குறைந்தது போல் இருந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. மெதுவாக, கோபம் இல்லாமல்.

"வாறேன்" என்று சொல்லித் திரும்பினேன். யாரும் இல்லை. முன்னால் சிவதாணு பிள்ளையின் படிவாசல் இருந்தது.

நிலச் சட்டம் வந்து, அவர் நிலத்தில் என் குடிசை நின்ற பத்து சென்ட் எனக்குப் பதிவானதிலிருந்து அவர் என் முகம் பார்ப்பதில்லை. அந்த வாசலில் எங்கள் ஆள்கள் "ஏமானே" என்றுதான் விளிப்பார்கள். இனி யாரையும் அப்படி எசமானாக்கி விளிக்காதே என்று அக்கா சொல்லியிருந்தார். என்ன சொல்லி விளிப்பது?

"அண்ணே!" என்றேன். கால் திரும்பிப் போகப் பார்த்தது. நிறுத்திக்கொண்டு மறுபடி விளித்தேன். மூன்றாவது தடவை கத்தினேன்.

கதவு திறந்தது. "யாருலே?"

"செல்லையன்."

"சட்டம் ஒனக்குப் பத்து சென்ட்தானே தந்தது? அண்ணனையும் சேத்துத் தந்துதா?"

"அக்கா சாவக் கெடக்கு. தூக்க ஆளில்ல."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "போவாதீங்க, அது பேதிச் சூக்கேடு வந்த வீடு" என்று அழுதாள்.

"மூணு விளி கேட்டாச்சு. இனி போவாம இருக்கியதுக்குத்தான் எனக்குப் பயம்" என்றார் அவர். தன் சொந்த நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினார். மூங்கில் அவர் தொழுவத்திலேயே இருந்தது.

என் குடிசைக்குப் போய் அக்காவை நாற்காலியில் உட்கார்த்திக் கட்டித் தூக்கினோம். முன்னால் அவர், பின்னால் நான். ராஜையன் வீடு வந்தபோது இருவருக்கும் கை ஓய்ந்துபோனது. சிவதாணு பிள்ளை வாசலில் நின்று மூன்று தடவை விளித்து முழங்கினார். ராஜையன் மனைவி ஸ்டெல்லா கதவைத் திறந்தாள்.

"உள்ள அண்ணன் பேசினாரே!" என்றேன்.

"அது அவரு துபாயிலேருந்து அனுப்பின கேசட். ஆம்பிளச் சத்தம் கேட்டா ஒண்ணும் வராதுன்னு போட்டேன். வந்தது நீரா?" என்றவள் அக்காவைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாறும், பிள்ளே. நான் பிடிக்கேன்" என்றாள். பாறசாலை ஆஸ்பத்திரி வரை மூன்று பேரும் மாறி மாறிச் சுமந்தோம்.

குளுக்கோஸ் ஏறி மறுநாள் காலையில் அக்கா கண் திறந்தார். பெஞ்சில் சேறோடு இருந்த பிள்ளையைப் பார்த்து அவர் பேசின முதல் பேச்சு, "கையைச் சோப்பு போட்டுக் கழுவினீரா?"

பிறகு ஒருநாள் நான் அந்தக் குரலைப் பற்றிக் கேட்டேன்.

"நான் விளிக்கல்ல மக்கா. நாக்கு ஒட்டிக் கெடந்தது" என்றார். "ஆனா நீ 'வாறேன்'னு சொன்னது எனக்குக் கேட்டது" என்றார்.

இப்போது எழுதும்போதும் என் கை மயிர் நிற்கிறது.

அதற்குப் பிறகும் அக்கா பல வருஷம் நடந்தார். நானும் அவர் பின்னால் நடந்தேன். அவர் கர்த்தருக்குள் போன பிறகும் நோய் என்று கேள்விப்பட்ட வீடுகளுக்குப் போகிறேன். எனக்குக் கூச்சம் போகவில்லை. கூச்சத்தோடேயே போகிறேன். பிள்ளை எங்கள் ஜெபக்கூடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் மூங்கிலின் மறுமுனையில் அவர் பல தடவை இருந்திருக்கிறார்.

அன்று நான் ஆள் தாரும் என்றேன். என் மனதில் இருந்த ஆள்கள் ஒருவரும் வரவில்லை. என் முகம் பார்க்காதவரும், பயந்து கதவடைத்தவளும் வந்தார்கள். உங்கள் வீட்டிலும் இன்று யாரோ பாயில் கிடக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.