வழுக்கி விழுந்ததாக எழுதினேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தேன். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வரும் முனியம்மாவுக்கு மூன்று முறை காயத்துக்குக் கட்டுப் போட்டேன். அடித்தவன் அவள் புருஷன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நோட்டில் 'குழாயடியில் வழுக்கி விழுந்தது' என்றே எழுதினேன். அடி என்று எழுதினால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். எங்களில் பலர் அப்படித்தான் எழுதுவோம்.

ஒரு நாள் தன் கழுத்தை நெரித்த புருஷனை அவள் குழவிக்கல்லால் அடித்தாள். அவன் இறந்துபோனான். கோர்ட்டில் என் நோட்டை வாசித்தார்கள். புருஷன் அடித்ததற்கு ஆதாரமே இல்லை என்றாகி, அவளுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற நான், அது என் எழுத்துதான் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அப்பீல் விசாரணைக்கு முன் உண்மையை எழுதி எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனேன்.

"நான் பொய் எழுதிட்டேம்மா. இதுல உண்மைய எழுதியிருக்கேன்."

அவள் கம்பி வழியாகக் காகிதத்தையே பார்த்தாள்.

"இத்த குடுத்தா உன் வேல பூடுமா, டாக்டரே?"

"போகலாம்."

"அப்ப வோணாம். அங்க இன்னும் எத்தினி பொம்பளைங்க அடி வாங்கிக்கினு கீறாளுங்க. அவளுங்களுக்கு ஒழுங்கா எழுது, போதும்."

அன்று மாலையே அதை அவள் வக்கீலிடம் கொடுத்தேன். மருத்துவக் கவுன்சிலில் என்னைக் கண்டித்ததோடு விட்டார்கள். அவளுக்குத் தண்டனை குறைந்தது.

நான்கு வருடம் கழித்து அவள் வெளியே வந்தபோது நானும் வாசலில் நின்றேன். கூட்டிப்போக வந்திருந்த அவளுடைய ஆறு வயது மகள், அம்மாவை அடையாளம் தெரியாமல், இத்தனை நாள் தன்னை வளர்த்த பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

முனியம்மா என்னை மன்னித்துவிட்டாள். அந்தக் குழந்தையிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.